கூரையை வெட்டிவிட்டோம், ராமு

செம்பவாங் ஹில்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ராமு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் சர்க்கரையையும் என் முழங்காலையும் தாண்டி நாம் போவதே இல்லை. இது போனில் அடங்காத விஷயம், அதனால்தான் கடிதம். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்.

மகள் வாங்கிய வீட்டை நீ பார்த்திருக்கிறாய். பழைய தரைவீடு. முன்பக்கம் ஓட்டுக்கூரை. பின்பக்கம் யாரோ பிறகு சேர்த்துக் கட்டிய இரண்டு மாடி, அதற்கு மேல் தட்டையான காங்கிரீட் தளம், அதன் மேல் தார். ஏர்கான் பெட்டிகள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் மேலே போக வழி வைக்கவில்லை. பட்டுக்கோட்டையில் படி இல்லாமல் மொட்டைமாடி கட்டினால், வடகம் எங்கே காயவைப்பது என்று கேட்டே மேஸ்திரியை விரட்டியிருப்பார்கள். இங்கே கேட்க ஆள் இல்லை. ஏர்கான் கழுவ வருகிறவர்கள் பின்சந்தில், கால்வாயை ஒட்டி, நீள ஏணியைச் சாத்தித்தான் ஏறுவார்கள்.

ஜூன் மாதம் ஒரு காலை சுமத்ரா காற்று அடித்தது. அது எப்படி வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அறைந்துவிட்டு, பின்னாலேயே மழையையும் இடியையும் கொண்டுவரும். மேலே ஒரு பையன் வேலையில் இருந்தான். அறந்தாங்கிப் பக்கம், நம் பேரன் வயதுதான் இருக்கும். முதல் வீச்சிலேயே ஏணி சரிந்து கால்வாயில் விழுந்துவிட்டது. மின்னல் வெட்டுகிறது, ராமு, அந்தக் கூரையில் அவனைவிட உயரமானது எதுவும் இல்லை. இறங்க வழியும் இல்லை. ஏர்கான் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தான். நான் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தேன். மழை கொஞ்சம் விட்டதும் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரும் நானும் ஏணியைத் தூக்கி நிறுத்தினோம்.

கீழே வந்தவனுக்குப் பல் கிட்டித்துப் போயிருந்தது. தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவன் கேட்டது என்ன தெரியுமா? “தாத்தா, இன்னும் ஒரு மெஷின் பாக்கி இருக்கு. காத்து நின்னதும் ஏறிடட்டுமா?”

அன்று இரவே மகளிடமும் மருமகனிடமும் சொல்லிவிட்டேன். இனி அந்தச் சந்தில் ஏணி நிற்கக்கூடாது. மாடிப்படி முடிகிற இடத்துக்கு நேர் மேலே கூரையை வெட்டி, வீட்டுக்குள்ளிருந்தே ஏறுகிற வழி வைக்க வேண்டும்.

மருமகன் நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசமாட்டார். ஆனால் முகம் மாறிவிட்டது. “ஒழுகாத கூரையில எதுக்கு மாமா ஓட்டை போடணும்?” என்றார். அவர் பயம் நியாயமானது. தார்க்கூரையில் தண்ணீர் வருவது பெரும்பாலும் நடுப்பரப்பில் அல்ல. தார் எங்கே முடிகிறதோ அங்கே, சுவரோரம், குழாயோரம், ஏதாவது ஒன்று தளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற இடத்தில்தான் வரும். நாமோ புதிதாக நாலு பக்கம் ஓரம் உண்டாக்கப் போகிறோம்.

நீயும் நானும் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் அல்லவா, நான் அவரிடம் கப்பலைச் சொன்னேன். நடுக்கடலில் அலை மேலே ஏறி அடிக்கிற தளத்திலேயே ஓட்டை போட்டு, அதற்குள் சரக்கை இறக்கி, நனையாமல் உலகம் சுற்றுகிறார்கள். எப்படி? ஓட்டையைச் சுற்றி எழுப்புகிற கோமிங் என்ற தடுப்புச் சுவரால். கப்பல்களுக்கான 1966ஆம் ஆண்டு சர்வதேச சுமைக்கோட்டு ஒப்பந்தத்தில் அந்த உயரம்கூட எழுதியிருக்கிறது: அலை நேராக அடிக்கிற இடங்களில் 600 மில்லிமீட்டர், மற்ற இடங்களில் 450. வீட்டுக்கூரைக்கு அவ்வளவு தேவையில்லை. 150 இருந்தாலே பலர் போதும் என்பார்கள். நான் 300 கேட்டேன். இங்கே மழை கொட்டுகிற வேகத்தில், வடிகால் வாயில் இலை அடைத்துக்கொண்டால் கூரை கால் மணியில் குளமாகிவிடும்.

காங்கிரீட்டை வெட்டுவது என்றால் கட்டமைப்பு வேலை, பதிவுபெற்ற எஞ்சினியர் இல்லாமல் ஒரு அங்குலம் தொடக்கூடாது. வந்தவர் ஒரு பெண், முப்பது வயதுக்குள். முதல் கேள்வியே என்னை வாயடைக்க வைத்தது. “வீடு 1991க்கு முன்னாடி கட்டினதா அங்கிள்? அப்ப கல்நார் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் தாரைத் தொடணும்.” பழைய தார் ஷீட்டுகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருப்பது உண்டு. சும்மா கிடக்கிறவரை தொல்லை இல்லை, ரம்பம் வைத்தால் தூசியாகக் கிளம்பும்.

ராமு, எனக்கு அந்த நேரம் எஞ்சின் ரூம்தான் ஞாபகம் வந்தது. நம் காலத்தில் வந்த பழைய கப்பல்களில் நீராவிக் குழாய்களைச் சுற்றி வெள்ளையாகப் போர்த்தியிருக்குமே, அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு அதே கையால் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். தோளில் விழுந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துக்கூட நோயாக எழும்பும். நம்மோடு வேலை பார்த்த பெரிய மணியின் கடைசி ஆறு மாதம் உனக்குத் தெரியும், நீதான் கூட இருந்தாய். நீ எக்ஸ்ரே எடுத்தாயா? சர்க்கரைக்கு மட்டும் டாக்டரைப் பார்க்காதே. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் தங்கச்சியிடம் நாள் குறிக்கச் சொல். நான் எடுத்துவிட்டேன், சுத்தம்.

தாரின் சோதனை முடிவும் நல்லபடியாக வந்தது, கல்நார் இல்லை. இருந்திருந்தால் அதற்கென்று அனுமதி பெற்ற ஆட்கள்தான் தொட முடியும்.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்கே நிறைய நேரம் போனது. அந்தப் பெண்ணுக்கு மழை நின்ற பிறகு கூரையைப் பார்க்க வேண்டுமாம். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். பள்ளத்தில் வெட்டக்கூடாது, விளிம்புக்குப் பக்கத்திலும் கூடாது. வெளியே தலை நீட்டுகிறவன் எழுந்து நிற்க இடம் வேண்டும் அல்லவா? கீழே உத்தரம் எங்கே போகிறது என்று அளந்து, தளத்துக்குள் கம்பி எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்து, கடைசியில் 900க்கு 750 மில்லிமீட்டர் என்று முடிவானது. கருவிப் பையோடு ஒரு ஆள் ஏற அது போதும்.

வேலை விடியற்காலையில் தொடங்கியது. வெயில் ஏறிவிட்டால் தார் இளகி ரம்பத்தில் அப்பிக்கொள்ளும், கத்தியும் நகராது. குளிர்ந்து கிடக்கும்போது வெட்டினால் பட்டை பட்டையாகக் கழன்று வருகிறது. மேலே கிடந்த பொடிக்கல்லை முதலில் சுரண்டி ஒதுக்கினார்கள். அப்புறம் ஒரே மட்டமாக வெட்டாமல், அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கையும் கொஞ்சம் பின்வாங்கிப் படிபோல் வெட்டினார்கள். புதுத் தார் ஷீட் அந்தப் படிகளின்மேல் ஏறி உட்கார வேண்டும் என்பதற்காக. பட்டுக்கோட்டைக்காரன் ஒருவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். உன் தெருப் பெயரைச் சொன்னதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

காங்கிரீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆசையே தாங்கவில்லை, கிட்டே போய் நின்றேன். முதலில் நாலு மூலையிலும் வட்டமாகத் துளை போட்டார்கள். பிறகு வைர ரம்பம் ஒரு துளையிலிருந்து மறு துளைவரை வந்து நின்றுவிடும், தாண்டிப் போகாது. ரம்பம் மூலையைத் தாண்டி இழுத்துவிட்டால் அந்தக் கீறல் கம்பியையும் அறுத்துவிடும், பின்னால் வெடிப்பாகவும் ஓடும். லிபர்டி கப்பல்களைப் பற்றி நம் பட்டறை மேற்பார்வையாளர், அந்தச் சார்ஜ்மேன், நமக்குச் சொன்னாரே! இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா 2,700க்கு மேல் கட்டித் தள்ளியது, பலவற்றில் வெடிப்பு ஹேட்ச் என்கிற தளத்து ஓட்டையின் சதுர மூலையில்தான் ஆரம்பித்தது, குளிர்ந்த கடலில் சில இரண்டாகவே பிளந்தன என்று. அந்த வட்டத் துளைகளைப் பார்த்ததும் அவரே பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. எஞ்சினியர் பெண்ணிடம் சொன்னேன். அவர் நின்று முழுவதும் கேட்டார்.

தளம் 125 மில்லிமீட்டர் கனம். வெட்டிய துண்டு 200 கிலோவுக்கு மேல் வரும். அதனால் கீழே முட்டுக்கொடுத்து, நாலாகப் பிளந்து, ஒவ்வொன்றாகச் செயின் பிளாக்கில் இறக்கினார்கள். அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

அப்புறம்தான் உண்மையான வேலை. வெட்டுவதை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள், சுற்றுச்சுவர் எழுப்புவதை யாரும் பார்ப்பதில்லை. தளத்தில் கம்பி நட்டு 300 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காங்கிரீட் சுவர். சுவரும் தளமும் சேருகிற மூலையில் சிமெண்டுக் கலவையால் 45 பாகைச் சரிவு. தார் ஷீட்டை 90 பாகைக்கு மடித்தால் மடிப்பில் உள்ளே காற்று நிற்கும், வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கி அங்கேதான் கிழியும். பிரைமர் பூசி, நெருப்பு வைத்து ஷீட்டை உருக்கி ஒட்டி, சுவர் உச்சிவரை ஏற்றினார்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருந்தது. வேலை முடிந்த பிறகும் ஒருவர் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார், நம் பட்டறையின் ஃபயர் வாட்ச், நெருப்புக் காவல், மாதிரியே. மேலே அலுமினிய மூடி. அதன் உதடு சுவருக்கு வெளியே தொங்குவதால் வடிகிற தண்ணீர் உள்ளே திரும்ப வழியில்லை. காற்றில் படாரென்று சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தாங்கு கம்பி ஒன்றும் உண்டு.

ஓட்டையைச் சுற்றி ஒரு மீட்டர் உயரத்துக்குக் கம்பித் தடுப்பும் வைக்கச் சொன்னேன். மருமகன் அதற்கும் செலவா என்றுதான் பார்த்தார். இரண்டு மீட்டருக்கு மேல் ஆள் விழக்கூடிய இடத்தில் தடுப்பு வேண்டும் என்பது இங்கே வேலையிடச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் வைத்திருப்பேன். மூடியைத் திறந்துவிட்டுப் பின்னால் நடந்து வேலை பார்க்கிறவன் அந்த ஓட்டையை மறந்துபோவான்.

24 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்தோம். கீழே ஒரு சொட்டு இல்லை. அதற்கு மறுவாரம் உண்மையான மழையே வந்தது. மருமகன் படியில் நின்று டார்ச் அடித்து நாலு மூலையையும் தடவித் தடவிப் பார்த்தார். இப்போது வருகிறவர் போகிறவர் எல்லோரையும் அவரே கூட்டிப்போய்க் காட்டுகிறார். போன வாரம் அறந்தாங்கிப் பையன் உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் தோளில் மாட்டி, படியேறுவதுபோல் ஏறிப் போனான்.

வேறு செய்தி: குஞ்ஞிராமன் இன்னும் கடனைத் திருப்பவில்லை, கேட்டால் உன் பெயரைச் சொல்கிறான். ஈசூன் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு நீ இல்லாமல் பால்குட வரிசையில் நின்றோம். அடுத்த வருடம் விமான டிக்கெட்டைக் காரணம் சொல்லாதே.

கடைசியாக, உன் வீட்டுக் கசிவு. மாடித்தளம் முழுவதையும் உடைத்துப் புதுசாகப் போட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதாகச் சொன்னாயே, சம்மதிக்காதே. கைப்பிடிச் சுவர் அடியில்தான் ஈரம் தெரிகிறது என்றால் முதலில் அந்த மூலையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, 45 பாகைச் சரிவு கொடுத்து, அதன் மேல் சுவரில் ஒரு அடி உயரம்வரை பூசச் சொல். பிறகு வடிகால் வாயை மூடி ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார். அப்படியும் ஒழுகினால் அப்புறம் பேசலாம். மேஸ்திரி முரண்டு பிடித்தால் அவரிடம் போனைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
காசி