பூச்சியம் வந்தால் மட்டும் போதாது, குறியும் மாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் வகைக்கெழுவைக் (ஒவ்வொரு புள்ளியிலும் வளைவரையின் சாய்வு) கொண்டு பெருமம், சிறுமம் காணும் பகுதியை எளிய பகுதி என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். வகையிடு, பூச்சியத்துக்குச் சமப்படுத்து, இரண்டாம் வகைக்கெழுவில் பிரதியிடு, குறை எண் வந்தால் பெருமம், மிகை எண் வந்தால் சிறுமம். நான்கே வரி. இரண்டாம் வகைக்கெழுவும் பூச்சியமாகிவிட்டால் பேனா நின்றுவிடுகிறது, அல்லது ‘வளைவு மாற்றப் புள்ளி’ (வளைவரை வளையும் திசை மாறும் இடம்) என்று ஊகமாக ஒரு விடை விழுகிறது. இது மாணவர்களின் குறை இல்லை. சோதனைகளை நாம் சொல்லிக்கொடுக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே எங்கள் கருத்து. முதல் வகைக்கெழுவின் குறி எங்கே மிகை, எங்கே குறை என்று பார்ப்பதுதான் அடிப்படை முறை. இரண்டாம் வகைக்கெழு ஒரு குறுக்குவழி. குறுக்குவழியை முதலில் காட்டிவிட்டால் யாரும் பெரிய சாலைக்கு வருவதில்லை.

அச்சுக் கோப்பதற்கு எளிதாக இருக்க, இக்கடிதம் முழுவதும் மாறியை ‘ம’ என்றே எழுதுகிறோம்.

ஒரு புள்ளியில் இடஞ்சார்ந்த பெருமம் என்றால், அதன் இருபக்க அண்டைப் புள்ளிகள் எவற்றிலும் சார்பின் மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. பாடக் கணக்குகளில் வரும் வழக்கமான நிலையில், வளைவரை அதுவரை ஏறி வந்து அங்கிருந்து இறங்குகிறது. ஏறும்போது சாய்வு மிகை, இறங்கும்போது குறை. சாய்வு தொடர்ச்சியாக மாறுமானால் மிகையிலிருந்து குறைக்குப் போகும் வழியில் பூச்சியத்தைக் கடந்தே ஆக வேண்டும். பூச்சியத்துக்குச் சமப்படுத்துவது அதனால்தான். இதைத் திருப்பிச் சொன்னால் தவறாகிவிடும். மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒரு சமதளம் வரும். அங்கே சாய்வு பூச்சியம், ஆனாலும் அது மாடி இல்லை. இன்னும் ஏற வேண்டியிருக்கிறது. ம³ என்ற சார்புக்கு ம = 0 அப்படிப்பட்ட சமதளம்தான். ம + சைன் ம என்ற சார்பு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அதன் வகைக்கெழு 1 + காஸ் ம; பை, 3 பை, 5 பை என்று எண்ணற்ற இடங்களில் அது பூச்சியமாகிறது, ஆனால் எங்கும் குறை எண் ஆவதில்லை. எத்தனையோ சமதளங்கள், பெருமமோ சிறுமமோ ஒன்றுகூட இல்லை. (இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பெருமம், சிறுமம் நிகழும் இடத்தைத் ‘திரும்பற் புள்ளி’ என்பார்கள். வளைவரை திரும்பினால்தான் கணக்கில் சேரும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த சொல் அது.)

செய்முறையை ஒரு கணக்கில் காட்டுகிறோம். ம³ − 6ம² + 9ம + 1 என்ற சார்பின் வகைக்கெழு 3ம² − 12ம + 9. இதைக் காரணிப்படுத்தினால் 3(ம − 1)(ம − 3). காரணிப்படுத்துவதை விட்டுவிட்டு வாய்பாட்டில் மூலங்களை மட்டும் கண்டுபிடிக்கும் மாணவர் அடுத்த படியில் சிரமப்படுவார், ஏனென்றால் குறி பார்க்கக் காரணிகள்தான் தேவை. எண்கோட்டில் 1, 3 இரண்டையும் குறித்தால் மூன்று துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண்ணை எடுத்துக் காரணிகளின் குறியை மட்டும் பார்த்தால் போதும். மதிப்பைக் கணக்கிட வேண்டாம். 0-ஐ எடுத்தால் இரு காரணிகளும் குறை, பெருக்கல் மிகை. 2-ஐ எடுத்தால் ஒன்று மிகை, மற்றது குறை, பெருக்கல் குறை. 4-ஐ எடுத்தால் மிகை. ஆகவே 1-இல் மிகையிலிருந்து குறை, இடஞ்சார்ந்த பெருமம், மதிப்பு 5. 3-இல் குறையிலிருந்து மிகை, இடஞ்சார்ந்த சிறுமம், மதிப்பு 1. மதிப்பைக் காணும்போது மூலச் சார்பில் பிரதியிட வேண்டும். வகைக்கெழுவில் பிரதியிட்டு ‘பெரும மதிப்பு 0’ என்று எழுதும் விடைகள் ஆண்டுதோறும் வருகின்றன. சோதனை எண்ணை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். 1-க்கு வலப்புறம் பார்க்க 4-ஐ எடுத்தால் 3-ஐத் தாண்டிப் போய்விடுகிறோம். குறி மாறவே இல்லை என்று தவறாகத் தெரியும்.

அடுத்தது ம⁴ − 4ம³. வகைக்கெழு 4ம³ − 12ம². இதைப் பூச்சியமாக்கும்போது 4ம³ = 12ம² என்று எழுதி, இருபுறமும் ம² ஆல் வகுத்து ம = 3 என்று முடிப்பவர்கள் உண்டு. ம = 0 அங்கேயே தொலைந்துவிடுகிறது. வகுக்காமல் காரணிப்படுத்தினால் 4ம²(ம − 3). இதில் ம² எந்தப் பக்கத்திலும் குறை எண் ஆகாது. 0-இன் இருபுறமும் (ம − 3) குறை எண்தான். ஆகவே 0-இல் குறி மாறவில்லை, பெருமமும் இல்லை சிறுமமும் இல்லை. 3-இல் குறையிலிருந்து மிகைக்கு மாறுகிறது, சிறும மதிப்பு −27. இரட்டைப்படை அடுக்கில் வரும் காரணி குறியை மாற்றாது, ஒற்றைப்படை அடுக்கில் வருவது மாற்றும். இந்த ஒரு செய்தி மனத்தில் நின்றுவிட்டால் பாதிக் கணக்குகளைப் பார்த்த மாத்திரத்தில் முடித்துவிடலாம்.

இதே கணக்கை இரண்டாம் வகைக்கெழுவால் செய்தால் 0-இல் விடை பூச்சியம் வரும், சோதனை வாய் மூடிக்கொள்ளும். ஏன் என்று வகுப்பில் சொல்வது நல்லது. சாய்வு பூச்சியமாக உள்ள புள்ளிக்கு மிக அருகில், சார்பின் மாற்றம் ஏறத்தாழ இரண்டாம் வகைக்கெழுவின் பாதியைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கியதற்குச் சமம். வர்க்கம் எப்போதும் மிகை, எனவே இரண்டாம் வகைக்கெழுவின் குறியே மாற்றத்தின் குறி. அது பூச்சியமானால் அந்த உறுப்பே மறைந்துவிடுகிறது. முடிவு மேல் அடுக்குகளின் கையில். ம⁴, −ம⁴, ம³ மூன்றுக்கும் 0-இல் முதல் வகைக்கெழுவும் பூச்சியம், இரண்டாம் வகைக்கெழுவும் பூச்சியம். ஆனால் முதலாவதற்கு அங்கே சிறுமம், இரண்டாவதற்குப் பெருமம், மூன்றாவதற்கு இரண்டுமில்லை. ஆகவே பூச்சியம் வந்தால் ‘சோதனை முடிவு தரவில்லை’ என்று எழுதிவிட்டு முதல் வகைக்கெழுவின் குறிக்குத் திரும்ப வேண்டும். வளைவு மாற்றப் புள்ளி என்று சொல்வதற்கும் இரண்டாம் வகைக்கெழு பூச்சியமானால் போதாது, அதன் குறி அங்கே மாற வேண்டும். ம⁴-க்கு மாறுவதில்லை.

வகைக்கெழு இல்லாத இடங்களையும் விட்டுவிடக் கூடாது. ம-இன் மூன்றாம் படி மூலத்தை வர்க்கப்படுத்தி (5 − ம) ஆல் பெருக்கினால் வரும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். வகைக்கெழு பூச்சியமாவது ம = 2-இல் மட்டும்; அங்கே பெருமம், மதிப்பு ஏறத்தாழ 4.76. ஆனால் ம = 0-இல் வளைவரை ஊசிமுனைபோல் கூர்ந்து நிற்கிறது. அங்கே வகைக்கெழுவே கிடையாது, சிறுமம் இருக்கிறது. பூச்சியத்துக்குச் சமப்படுத்துவதோடு நிறுத்திக்கொண்டவருக்கு இந்தச் சிறுமம் கண்ணில் படாது. மாறாக, ம² இன் தலைகீழிக்கு 0-இன் இடப்புறம் வகைக்கெழு மிகை, வலப்புறம் குறை. அதனால் பெருமம் என்று எழுதினால் தவறு, 0 அந்தச் சார்பின் சார்பகத்திலேயே இல்லை, அதாவது அங்கே அதற்கு மதிப்பே கிடையாது. எண்கோட்டில் இத்தகைய புள்ளியை வெற்று வட்டமாகக் குறிக்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை வராது. ம-உடன் அதன் தலைகீழியைக் கூட்டிய சார்புக்கு −1-இல் பெருமம், மதிப்பு −2; 1-இல் சிறுமம், மதிப்பு 2. பெருமத்தைவிடச் சிறுமம் பெரிதாக இருப்பதைக் கண்டு மாணவர்கள் திகைப்பார்கள். திகைக்கட்டும். ‘இடஞ்சார்ந்த’ என்ற அடைமொழி எதற்கு என்பது அப்போதுதான் பதியும்.

மூடிய இடைவெளியில் மொத்தத்திலும் பெரிய மதிப்பைக் கேட்டால் முனைகளையும் சோதிக்க வேண்டும். முதல் கணக்கையே 0 முதல் 5 வரை எடுத்தால் 1-இல் மதிப்பு 5, ஆனால் வலது முனையில் 21. அங்கே வகைக்கெழு பூச்சியமே இல்லை.

நடைமுறைக் கணக்குகளில் குறி பார்க்கும் முறைக்கு இன்னொரு பெரிய பயன் உண்டு. ஒரு லிட்டர் கொள்ளும் மூடிய உருளை டப்பாவுக்குக் குறைந்த தகடு எவ்வளவு என்ற கணக்கில் ஆரம் ஏறத்தாழ 5.42 செ.மீ., உயரம் அதன் இருமடங்கு, 10.84 செ.மீ. என்று வரும். இரண்டாம் வகைக்கெழுவை அந்த ஒரு புள்ளியில் மட்டும் பிரதியிட்டால் ‘அருகில் உள்ளவற்றுள் சிறியது’ என்றுதான் நிறுவியிருக்கிறோம். கேட்டது எல்லாவற்றிலும் சிறியது. ஆரம் 5.42-க்குக் குறைவாக உள்ள எல்லா இடத்திலும் வகைக்கெழு குறை, கூடுதலாக உள்ள எல்லா இடத்திலும் மிகை என்று எழுதினால் முழு விடையும் ஒரே வரியில் நிறுவப்பட்டுவிடுகிறது.

அட்டைப்பெட்டிக் கணக்கைக் கரும்பலகையோடு விட்டுவிடாமல் கையாலும் செய்ய வைக்கலாம். 29.7 செ.மீ., 21 செ.மீ. அளவுள்ள ஏ4 தடித்த தாளின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவுச் சதுரத்தை வெட்டி, பக்கங்களை மடித்து ஒட்டினால் திறந்த பெட்டி. 2 செ.மீ. வெட்டினால் கொள்ளளவு 873.8 கன செ.மீ.; 3-க்கு 1066.5, 4-க்கு 1128.4; 5-க்கு 1083.5, 6-க்கு 955.8. அரிசியோ மணலோ நிரப்பி அளந்தால் வரிசை தெரியும். வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினால் 4.04, 12.86 என்று இரு விடைகள் வரும். இரண்டாவதை ஏன் தள்ளுகிறோம் என்பதைக் கத்தரிக்கோலே சொல்லிவிடும்: தாளின் அகலத்தில் பாதி 10.5 செ.மீ. தான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 4.04-க்குப் பதில் 4 என்றே வெட்டினாலும் இழப்பு ஒரு கன செ.மீ. கூட இல்லை. பெருமத்தின் அருகில் மாற்றம் முதலில் புலப்படாத அளவே இருக்கும் என்பதை மதுப் பீப்பாய்களின் கொள்ளளவு பற்றி 1615-இல் வெளியிட்ட நூலில் கெப்ளர் கவனித்திருக்கிறார். வகை நுண்கணிதம் பற்றி லைப்னிட்ஸ் 1684-இல் வெளியிட்ட முதல் கட்டுரையின் தலைப்பே ‘பெருமங்களுக்கும் சிறுமங்களுக்கும் ஒரு புதிய முறை’ என்றுதான் தொடங்குகிறது. இந்தப் பகுதி நுண்கணிதத்தின் ஒட்டுத் திண்ணை இல்லை, அதன் வாசல்.

கணினியில் வளைவரையைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று கேட்பவர்கள், ம³ − 0.03ம என்ற சார்பை ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் −10 முதல் 10 வரை வரைந்து பார்க்கட்டும். ம³-க்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் −0.1-இல் பெருமமும் 0.1-இல் சிறுமமும் இருக்கின்றன, மதிப்புகள் 0.002, −0.002. வகைக்கெழு சொன்ன இடத்தில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் மேடும் பள்ளமும் தெரியும்.

கல்லூரி ஆசிரியர்களுக்காக ஒரு வார்த்தை. குறி மாற்றமும் முழுமையான சோதனை இல்லை என்பதை அறிவோம். 1-ஐ ம ஆல் வகுத்து அதன் சைனுடன் 2-ஐக் கூட்டி, ம⁴ ஆல் பெருக்கி, 0-இல் மதிப்பு 0 என்று வைத்தால், அங்கே சிறுமம் உறுதி. ஆனால் 0-க்கு எவ்வளவு அருகில் போனாலும் வகைக்கெழு குறி மாறிக்கொண்டே இருக்கும். அங்கே வரையறைக்கே திரும்ப வேண்டியதுதான். பள்ளிப் பாடத்தில் வரும் சார்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. வினாத்தாள் அமைப்பவர்கள், இரண்டாம் வகைக்கெழு பூச்சியமாகும் கணக்கு ஒன்றை அவ்வப்போது கேட்க வேண்டும். விடைக்குறிப்பில் குறி பார்க்கும் படிக்குத் தனி மதிப்பெண் இருக்க வேண்டும். தங்கள் நாளிதழ் மாதிரி வினா விடைகளை வெளியிடும்போது, விடையோடு அந்த எண்கோட்டையும் மிகை, குறை அடையாளங்களோடு அச்சிட்டால் பெரும் உதவியாக இருக்கும். அதற்கு ஒரு வரி இடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
மேல்நிலைக் கணித ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்.