அறை வாடகையில் போன காசு

ஆசிரியருக்கு,

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) போய், கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு வந்தது. போன மாதம் மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன். அறை வாடகை வரம்பு நாளுக்கு 4,000 ரூபாய். கிடைத்ததோ 6,000 ரூபாய் அறை. சரி, கூடுதல் 2,000தானே என்றிருந்தேன். சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் என்று எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கைக் காப்பீட்டுக் கம்பெனி வெட்டிவிட்டது. மருந்து பில் மட்டும் தப்பியது. அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டுப்படும் என்ற விதி இருப்பதை ஹெச்.ஆர். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முந்நூறு பேருக்கு பிரீமியம் கட்டுகிற நிர்வாகம், இன்ன ஆபரேஷனுக்கு இவ்வளவுதான் என்று பக்கத்து ஆஸ்பத்திரிகளிடம் பேசி வைக்கக்கூடாதா? தீபாவளி ஸ்வீட் பாக்ஸுக்கு எப்படிப் பேரம் பேசுகிறார்கள்! எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தையல் பிரிந்து மறுபடி படுக்கிறார்கள் என்பதை எங்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

- ஒரு வாசகர், அம்பத்தூர், சென்னை