தொப்பி விளிம்பும் மாஸ்டரின் கிளியும்

அன்புள்ள ராமலிங்கம்,

நலம். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் போடாததற்குத் திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. மூட்டுவலியும் வீட்டு வரியும் ஏறியிருக்கின்றன. மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை.

மருமகள் டாரட் என்கிற ஜோசியச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். சிரிக்காதே. ஜோசியத்தில் நம்பிக்கை வந்திருந்தால் இந்நேரம் கோயில் வாசலில் கூண்டோடு உட்கார்ந்திருப்பேன். நான் விழுந்தது படங்களில். 1909-இல் லண்டனில் வெளியான கட்டு. 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பெயரோ பதிப்பாளருக்கும், திட்டம் போட்டுக்கொடுத்த வெயிட்டுக்கும் போய்விட்டது. வரைந்த அம்மாளுக்குச் சொற்பக் காசு. அந்தக் கதை நமக்குத் தெரியாததா?

'முட்டாள்' சீட்டில் அவன் கையில் வெள்ளை ரோஜா. 'மரணம்' சீட்டின் கறுப்புக் கொடியிலும் வெள்ளை ரோஜா. மரணம் ஏறி வருவது வெள்ளைக் குதிரை. சூரியன் சீட்டில் குழந்தை சவாரி செய்வதும் வெள்ளைக் குதிரை. மருமகளின் புத்தகம் 'வெள்ளை என்றால் தூய்மை' என்று ஒரே வரியில் கடையை மூடிவிடுகிறது. முதுகில் யார் என்று பாராமல் குதிரைக்கு என்ன பொருள் சொல்வது?

படுத்த எட்டைக் கேள். மந்திரவாதியின் தலைக்கு மேல் மிதக்கிறது. சிங்கத்தின் வாயைப் பூவைத் தொடுவதுபோல் பிடித்திருக்கும் பெண்ணின் தலைக்கு மேலும் மிதக்கிறது. முடிவிலியாம். ஆனால் பிரான்சின் பழைய மார்செய் சீட்டுக்கட்டில் இதே இருவர் தலையிலும் இருப்பது தொப்பி! அகல விளிம்பு இரு பக்கமும் வளைந்து எட்டுப்போலக் கிடக்கிறது. மந்திரவாதியும் அங்கே மேஜை போட்டு வித்தை காட்டுகிறவன்தான். பின்னால் வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு விளிம்பை வைத்துக்கொண்டார்கள், தத்துவம் பிறந்துவிட்டது. பமீலா விடவில்லை. 'காசு இரண்டு' சீட்டில் ஓர் இளைஞன் இரண்டு காசுகளை ஆட்டுகிறான். அவற்றைச் சுற்றி அதே எட்டு, பச்சை நாடாவாக. தலைக்கு மேல் போனது வித்தைக்காரன் கைக்கே திரும்பிவிட்டது!

அந்தச் சீட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அவன் நிற்பது வழவழப்பான தரை. பின்னால் மலைமலையாய் அலை, இரண்டு கப்பல். நடுவே கரை இல்லை, மணல் இல்லை, நுரை இல்லை. ஒரே ஒரு கோடு. நாடகப் படுதா, ராமலிங்கம்! அந்த அம்மாள் லண்டன் லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர்.

அன்று இரவு தூக்கம் போயிற்று. காரணம், நமக்குப் படுதா வரையக் கற்றுக்கொடுத்த நம் மாஸ்டர். தர்பார், வனம், தெரு, எந்த சீனானாலும் இடது மூலையில் ஒரு கிளி. சுடுகாட்டில் கிளியா என்று எத்தனை நாள் சிரித்திருப்போம்! அந்தச் சுடுகாட்டுப் படுதா போன வாரம் கொட்டகைப் பரணில் கிடைத்தது. பாதியை எலி தின்றுவிட்டது. கிளி இருக்கிறது. எரியும் சிதைக்கு அவசரமாக இரண்டு இழுப்பு. கிளிக்கு மட்டும் பச்சையில் மூன்று பூச்சு, கண்ணில் மிளகளவு வெள்ளைப் புள்ளி. கைப்பழக்கம் என்றே இத்தனை வருடம் சொல்லிவந்தேன். இப்போது வாய் வரவில்லை.

ஒருநாள் நீ அவரிடமே கேட்டாய். நான் டீ வாங்கப் போயிருந்தேன்; திரும்பி வந்தபோது இருவரும் பேசாமல் தூரிகை கழுவிக்கொண்டிருந்தீர்கள். என்ன சொன்னார்? முதல் வரியில் அதை எழுது. உன் பேரன் பெருமையெல்லாம் பிறகு.

உன்,
சண்முகம்