தம்பிக்கு அப்பா எழுதுவது

தம்பி,

வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ பாதிக்கு மேல் கேட்பதில்லை, அது எனக்குத் தெரியும். அதனால் தட்டி எழுதுகிறேன். அக்கா மகன்தான் இந்தத் தமிழ்க் கீபோர்டைப் போனில் போட்டுக் கொடுத்தான். ஒற்று விட்டுப்போயிருந்தால் நீயே போட்டுப் படித்துக்கொள்.

அம்மாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை. மொட்டை மாடியில் ஒழுகிற இடத்தை அடைத்தாயிற்று. தீபாவளிக்கு உனக்கென்று எடுத்து வைத்த அதிரசத்தைப் போன வாரம்தான் கொட்டினாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன்னிடம் கேட்க நினைத்தது, ஸ்பீக்கர் இரண்டும் நன்றாக வேலை செய்கிறதா? அந்த மானிட்டர் ஸ்பீக்கர்தான், தவணையில் வாங்கி பெட்டியோடு போட்டோ அனுப்பினாயே. ஹெட்போனிலேயே பாட்டை மிக்ஸ் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. ஹெட்போனில் பேஸ் எவ்வளவு இருக்கிறது என்று சரியாகப் பிடிபடாது, காரில் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும், இதை நீதான் எனக்குச் சொன்னாய். தவிர காது. 80 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, மூன்று டெசிபல் கூட்டினால் அந்த நேரம் பாதியாகிவிடும். நீ ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் போடுகிறவன். என் வலது காதில் இருபது வருஷமாகச் சீட்டி அடிக்கிறது, மேடையில் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே என்னை உட்கார வைத்ததன் பலன். ஸ்பீக்கர் இருக்கிறவன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். சித்தி மகன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன்.

அப்புறம், செய்ததை எல்லாம் காப்பி எடுத்து வை. ஒரு டிஸ்கில் மட்டும் வைக்காதே. இரண்டு இடத்தில் வை, மூன்றாவதாக இன்டர்நெட்டிலும் வை.

நானும் இப்போது போனில் பேண்ட்லேப் என்று பாட்டுப் பதிவு பண்ணுகிற ஆப் போட்டிருக்கிறேன், சிரிக்காதே. பக்கத்துத் தெரு பஜனை மடத்துக்காரர்கள் ஒரு பாட்டு பதிவு பண்ண வேண்டும் என்றார்கள், நான் டோலக் வாசிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன் (இரவல் டோலக்தான்). பேரன் புளூடூத் ஹெட்போனை மாட்டிவிட்டான். அதில் வருகிற தாளக் கிளிக்கைக் கேட்டு வாசிக்கிறேன், திரும்பப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு அடியும் தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. முதலில் என் கைதான் போய்விட்டது என்று நினைத்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் அவனாகவே எங்கோ பார்த்துவிட்டு வந்து, தாத்தா புளூடூத்தில் சத்தம் லேட்டாகத்தான் வருமாம், ஒயர் ஹெட்போன் போடுங்கள் என்றான். ஒயர் போட்டதும் சரியாகிவிட்டது. சரி என்றால் என்ன சரி, என் இடது கை எப்போதும் போல ஒரு இழை பின்னால், அது பிறவிக் குறை.

உனக்கு நினைவிருக்கும், பிளஸ் ஒன் படிக்கும்போது அந்தப் பழைய கம்ப்யூட்டரில் எஃப்.எல். ஸ்டுடியோ என்கிற பாட்டுப் பண்ணும் மென்பொருளைப் போட்டுக்கொண்டு, கீபோர்டில் கட்டையை அமுக்கினால் சத்தம் தாமதமாக வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டாய். அப்புறம் ஏசியோ4ஆல் என்று ஏதோ ஒரு டிரைவரைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, பஃபர் 512 வைத்தால் 12 மில்லிசெகண்ட்தான் தாமதம் அப்பா என்று பெருமையாகச் சொன்னாய். உன் அப்பா இடது கைக்கு அதைவிட அதிகம் என்று நான் சொன்னதும் அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகிறது.

அப்போதுதான் நீ என் டோலக்கைப் பதிவு பண்ணினாய். ஹெட்செட் மைக்கைக் கட்டில் காலில் கட்டி வைத்துக்கொண்டு, தாளம் வேண்டாம் அப்பா, ஒவ்வொரு அடியாகத் தனித்தனியாக அடியுங்கள் என்றாய். வலது ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, இடது பக்கம் திறந்து ஒன்று, மூடி ஒன்று, உள்ளங்கையால் இழுத்து ஒன்று. எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷம் கச்சேரியில் வாசித்தவனைப் பார்த்து ஒற்றை ஒற்றையாக அடி என்கிறானே, இது என்ன கோழியை உரித்துப் பங்கு போடுகிற மாதிரி என்று தோன்றியது. ஆனாலும் அடித்தேன். நீ கேட்டதால் அடித்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கச்சேரி இல்லை. ரிதம் பேட் என்கிற எலக்ட்ரானிக் தாளப் பெட்டி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தபலா, டோலக், டிரம்ஸ் மூன்றையும் ஒரு பையன் இரண்டு குச்சியில் முடித்துவிடுகிறான், வேனில் இரண்டு சீட் மிச்சம். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, கூப்பிடுவதைத்தான் நிறுத்தினார்கள். நான் வீட்டில் என்ன சொன்னேன்? சீசன் டல் என்றேன். ஆடியில் சொன்னேன், சித்திரையிலும் சொன்னேன். மதுரையில் சித்திரையில் சீசன் டல் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நீங்கள் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும், கேட்காததும் கோபமாகத்தான் இருந்தது.

இப்போது என்னவோ, நாலு வரி எழுதிக் கொடுத்தால் பாட்டே முழுதாக வந்துவிடுகிறது என்று பேரன் ஒன்றைப் போட்டுக் காட்டினான். விளம்பரத்துக்கு, குறும்படத்துக்கு எல்லாம் அதையே வைத்துக்கொள்கிறார்களாம். நன்றாகத்தான் இருந்தது, எனக்கு எரிச்சலாக இருந்தது. உனக்கு வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை. சீசன் டல் என்று நீ சொல்லிவிடக் கூடாது என்றுதான் கேட்கவில்லை.

காப்பி எடுத்து வைக்கச் சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

2012 மார்ச். உனக்குக் கணக்குப் பரீட்சைக்கு இன்னும் நாலு நாள். ஊரெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. நீ வைத்திருந்தது காசு கட்டாத டிரையல், சேமித்து வைத்தால் மறுபடி சரியாகத் திறக்காது. அதனால் கரண்ட் வருவதற்கும் போவதற்கும் நடுவிலேயே கட்டங்களில் அடியைப் போட்டு, அடுக்கி, வேவ் என்கிற ஒலிக் கோப்பாக்கி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதலிலிருந்து. யூ.பி.எஸ். பேட்டரி அப்போதே செத்துப்போயிருந்தது. மாற்றித் தருகிறேன், மாற்றித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திறக்காது என்று தெரிந்தும் நீ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொண்டே இருப்பாய், அந்த இரண்டு கட்டையைத் தட்டுகிற சத்தம் இந்த அறைக்குக் கேட்கும்.

அன்று ராத்திரி அதிசயமாகக் கரண்ட் போகவில்லை. ஒரு மணி இருக்கும். நான் தூங்கவில்லை. உன் அறையிலிருந்து டோலக் சத்தம். தகிட தகதிமி, தகிட தகதிமி, ஏழு எண்ணிக்கை வருகிற மிஸ்ரம். அந்த மென்பொருளில் கட்டம் எல்லாம் நாலு நாலாகத்தான் பதினாறு வரும், அதை மாற்றி ஏழில் நிறுத்தியிருக்கிறாய், அதற்கே உன்னைத் தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். முதலில் எல்லா அடியும் ஒரே பலத்தில் தட தட என்று இருந்தது, மிஷின்தானே என்று நிம்மதியாக இருந்தேன். நீ நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு அடிக்கும் பலத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாய். அப்புறம் இடது கை அடியை மட்டும் பிடித்துக் கொஞ்சம் பின்னால் தள்ளினாய். மௌஸால் தள்ளியிருப்பாய்.

தம்பி, அது நான். மேடையில் எத்தனை பேர் முன்னால் அந்த இடது கைக்காக ஏச்சு வாங்கியிருக்கிறேன், அந்தக் குறையைக்கூட விடாமல் பிடித்து வைத்திருந்தாய். நான் வேலையில்லாமல் பாயில் படுத்திருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் நன்றாக. எழுந்து போய் திண்ணையில் மெயினை இறக்கினேன்.

பரீட்சைக்குப் பிள்ளை தூங்க வேண்டாமா என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். இருபது நிமிஷம் இருட்டில் நின்றுவிட்டு மெயினை ஏற்றினேன். நீ அழுதது கேட்டது. காலையில் மின்வாரியத்தை நான்தான் உன்னைவிட அதிகமாகத் திட்டினேன். அந்த மாசமே டோலக்கை விற்றேன். அதன் பிறகு டோலக் வைத்து நீ ஒன்றும் பண்ணவில்லை, எலக்ட்ரானிக் என்று போய்விட்டாய்.

எதிர்வீட்டு டியூப் லைட் அன்றைக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உன் ஜன்னல் சாத்தியிருந்தது. நீ அதைத் திறந்து பார்த்தாயா இல்லையா என்பதுதான் பதின்மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. சில நாள் நீ பேசுகிற பேச்சில், தெரிந்துதான் இருக்கிறான் என்று தோன்றும். சில நாள் இல்லை என்று தோன்றும்.

விஷயம் என்னவென்றால், பரணில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரைப் போன வாரம் இறக்கினேன். டவுன்ஹால் ரோட்டில் ஒரு பையன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தான், ஓடுகிறது. எஃப்.எல்.பி. என்று முடிகிற கோப்பு நிறைய இருக்கிறது. கடைசிக் கோப்பின் பெயர் மிஸ்ரம் கடைசி, அதற்கு முந்தினதும் மிஸ்ரம் கடைசிதான், ஒரு எண்தான் வித்தியாசம். கடைசிக் கோப்பில் தேதி அந்த ராத்திரி, நேரம் 12.52. டிரையலில் சேமித்ததுகூட காசு கட்டி வாங்கிவிட்டால் திறக்கும் என்று பேரன் படித்துச் சொல்கிறான். ஒரு தரம் வாங்கினால் புது வெர்ஷன் எல்லாம் ஆயுளுக்கும் இலவசமாம். நீ இப்போது கியூபேஸ் என்கிற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டவன், அதில் இது திறக்காது என்பதும் தெரியும். அதனால் எஃப்.எல். வாங்குவதற்கு என்று உன் அக்கவுன்டில் பணம் போட்டிருக்கிறேன். எந்த எடிஷன் என்று எனக்குத் தெரியாததால் கொஞ்சம் கூடவே போட்டேன். மிச்சத்தைத் திருப்பி அனுப்பாதே, ஸ்பீக்கர் ஏதாவது ரிப்பேர் பார்க்க வேண்டியிருந்தால் பார்த்துக்கொள்.

டிஸ்க் நாளைக் காலை கூரியரில் வரும். உடைந்துவிடப் போகிறதென்று அம்மா அவள் பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறாள், அதோடு கொஞ்சம் இட்லிப்பொடியும் இருக்கும், கொட்டாமல் பிரி. வந்ததும் முதலில் காப்பி எடு. அப்புறம் திற. போன் அதற்கப்புறம் செய்தால் போதும்.

அப்பா