ஜூனில் வேண்டிய பணம் பிப்ரவரியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், 30 மாணவர்கள் வரை உள்ள அரசுப் பள்ளிக்கு ஆண்டு மானியம் ரூ.10,000, 31 முதல் 100 பேர் வரை இருந்தால் ரூ.25,000. நான் தலைமையாசிரியராக இருந்த ஈராசிரியர் பள்ளியில் 31 பேர் படித்தார்கள். செங்கல் சூளை வேலைக்குப் போன பெற்றோர் தம் மகளையும் உடன் அழைத்துச் சென்றதில் எண்ணிக்கை 30 ஆயிற்று, மானியத்தில் ரூ.15,000 குறைந்தது. சாக்பீஸ், மின்விசிறிப் பழுது, கழிப்பறைப் பராமரிப்பு ஆகியவற்றின் செலவோ அப்படியே இருந்தது.

அத்தொகையும் எங்களுக்குப் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் வந்து சேரும்; மார்ச் 31க்குள் செலவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்புக்கான எழுத்து அட்டைகளை ஜூனிலேயே ஆசிரியை கைக்காசில் வாங்கிவிட்ட பிறகு, ஆண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் வரும் பணம் சுவருக்கு வண்ணம் பூசத்தான் பயன்பட்டது. (சுவர் அழகாகவே இருந்தது, பிள்ளைகளின் வாசிப்பு அப்படியே இருந்தது.)

மாதிரிப் பள்ளிகளுக்கான பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் தமிழகம் சேராததால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்குத் தர வேண்டிய ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்ததும், 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியதும் அனைவரும் அறிந்தவை. வழக்கு நடக்கட்டும். அதுவரை, மாணவர் எண்ணிக்கையைப் பாராது, சிறு பள்ளிகளுக்கு ஓர் அடிப்படைத் தொகையை மாநில நிதியிலிருந்து ஜூன் முதல் வாரத்திலேயே பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.