வாடகை வீட்டு மீட்டருக்கும் பசுமை மின்சாரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து ஆண்டுதோறும் ஒரு கேள்வித்தாள் வரும். தோல் எங்கே வாங்கினீர்கள், கழிவுநீர் எங்கே போகிறது என்றெல்லாம் கேட்டவர்கள், சில ஆண்டுகளாக இன்னொன்றையும் கேட்கிறார்கள்: நீங்கள் செலவழித்த மின்சாரத்தில் எத்தனை சதவீதம் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வந்தது? அந்தக் கட்டத்தை நிரப்புவது என் பொறுப்பு.

இந்த முறை அதை நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், ரீடிங் எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். இது எங்கிருந்து வந்த கரண்ட் என்று யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. நானே கேட்டுக்கொண்டாலும், அதை மாற்ற எனக்கு ஒரு வழியும் கிடையாது. அந்த வழி வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெரிய இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் வைத்திருக்கும் நுகர்வோர் காற்றாலை, சூரிய மின்சாரத்தை வெளியிலிருந்து நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். தங்களுக்குப் பசுமை மின்சாரம்தான் வேண்டும் என்று மின் விநியோக நிறுவனத்திடமே கேட்கவும் செய்யலாம். அதற்கு முன்பு இந்த வரம்பு 1 மெகாவாட்டாக இருந்தது. நான்கு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மோட்டார் ஓடும் வீட்டுக்கு 100 கிலோவாட் எங்கே?

"சோலார் போட வேண்டியதுதானே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொந்த வீடு உள்ளவர்கள் போடட்டும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, நல்ல காரியம். நான் குடியிருப்பது கொசப்பேட்டையில், மாடி வீட்டில், வாடகைக்கு. மொட்டை மாடியில் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், மூன்று குடித்தனங்களின் துணிக்கொடி. சித்திரை வந்தால் வடாம் காயும் பாய்கள். வீட்டுக்கார அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பையனுக்குக் கல்யாணம் ஆனா மேல ஒரு மாடி எடுக்கணும்மா, இப்ப பலகையை மாட்டிட்டா அப்புறம் எங்க கொண்டு வைக்கிறது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெயிலூர் என்று பேர் வாங்கிய ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. அதைப் பிடித்து வைக்க எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்தக் கூரை இல்லை, அவ்வளவுதான்.

மகாராஷ்டிரத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 2021 மார்ச்சில் அந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம், விருப்பப்படுகிற நுகர்வோர் வழக்கமான கட்டணத்தோடு யூனிட்டுக்கு 66 பைசா கூடுதலாகக் கொடுத்து முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பெறலாம் என்று உத்தரவிட்டது. தொழிற்சாலைக்கு மட்டுமல்ல, தாழ்வழுத்த இணைப்பு உள்ள வீடு, கடைகளுக்கும் சேர்த்துத்தான். அந்தக் கணக்கைப் போட்டால் என் 400 யூனிட்டுக்கு 264 ரூபாய். பாதி யூனிட் போதும் என்றால் 132. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைக் கொடுக்க நான் தயார்.

கம்பியில் வருகிற கரண்டைப் பச்சை என்றும் கறுப்பு என்றும் பிரிக்க முடியாது. என் வீட்டுக்கு ராத்திரி வருவது நிலக்கரி மின்சாரமாகவே இருக்கலாம். நான் செலவழித்த யூனிட்டுக்கு ஈடாக அத்தனை யூனிட்டைக் காற்றிலும் வெயிலிலும் எடுத்துக் கம்பியில் சேர்க்கிறார்களா என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு சுத்தமாக இல்லாவிட்டால் இந்தத் திட்டமே வேண்டாம் என்பேன். முப்பந்தலில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலையின் மின்சாரத்துக்கே புதுப் பெயர் வைத்து என்னிடம் காசு வாங்கினால், புதிதாக ஒரு யூனிட்டும் பிறக்காது. காற்று, வெயில் மின்சாரத்தில் மின் விநியோக நிறுவனம் சட்டப்படி வாங்கியே தீர வேண்டிய அளவை வாங்கிவிட்டு, அதற்கு மேல் வாங்கியதை மட்டும் எங்கள் கணக்கில் எழுத வேண்டும். கூடுதலாக நாங்கள் கொடுக்கும் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, எத்தனை வீடுகள் சேர்ந்தன, எவ்வளவு வசூலானது, எங்கே எத்தனை கிலோவாட் நிறுவப்பட்டது என்று வருடா வருடம் வெளியிட வேண்டும். எங்கள் மாவட்டத்து அரசுப் பள்ளிக் கூரைகளில் போட்டால் கண்ணாலேயே பார்த்துக்கொள்வோம்.

இன்னொரு சிக்கல், வாடகைதாரர்களுக்கு மட்டும் தெரிந்தது. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், பில் கட்டுவது நாங்கள். எனவே கட்டுகிறவரே சேரவும், வீடு காலி செய்யும்போது விலகவும் வழி வேண்டும். உரிமையாளர் கையெழுத்து வேண்டும், நூறு ரூபாய்ப் பத்திரம் வேண்டும் என்று ஆரம்பித்தால் ஒருவரும் வர மாட்டார்கள். முதல் 100 யூனிட் இலவசத்தோடு சமாளிக்கும் வீடுகள்மீது இதன் பேரால் ஒரு பைசாவும் ஏறக் கூடாது.

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து மின்நிறுவனம் 2000-த்தில் தொடங்கிய திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பசுமை மின்சாரத்தில் சேர்ந்தவர்களுக்கு எரிபொருள் விலையோடு ஏறி இறங்கும் கட்டணத்துக்குப் பதிலாக, சில ஆண்டுகளுக்கு மாறாத ஒரு கட்டணம். பின்னால் எரிவாயு விலை ஏறியபோது அவர்கள் பில்லில் அந்த ஏற்றம் தெரியவில்லை. வெயிலுக்கும் காற்றுக்கும் விலை ஏறுவதில்லையே! நம் ஒழுங்குமுறை ஆணையம் இதையும் யோசிக்கலாம்.

வேலூரில் இருந்துகொண்டு இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். பாலாற்றங்கரையில் பிறந்தவள் நான். தோல் கழிவால் கெட்ட நிலத்துக்கும் நீருக்கும் கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. மின்சாரத்தில் கெடுப்பவர் கூட்டத்தில் நானும் இருக்கிறேன், ஆனால் இங்கிருந்து பார்த்தால் அது தெரிவதில்லை. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீர் சேரும் கொசஸ்தலை ஆறு, எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலைச் சுமந்துகொண்டுதான் கடலில் விழுகிறது. நம் ஏரித் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில், நாம் போட்ட சுவிட்சின் சாம்பலும் கிடக்கிறது.

மின் கட்டணம் பற்றிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றை ஆணையம் வேலூரிலும் நடத்த வேண்டும். நடத்தினால் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, என் மீட்டர் அட்டையோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொசப்பேட்டை, வேலூர்.