வான்கோழி நெஞ்சுக்கு மணிக்கூடு போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் சமையல் பக்கத்தில் வந்த வான்கோழி நெஞ்சு ரோஸ்ட் பற்றி எழுதுகிறேன். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். தாங்க்ஸ்கிவிங் வருகிறது, அந்தக் குறிப்பைப் பார்த்துப் பலர் சமைப்பார்கள். அதற்குள் இரண்டு இடங்களைத் திருத்திவிட்டால் நல்லது.

உள்ளி, மிளகு, தேசிக்காய்ப்புளி அளவெல்லாம் சரிதான். கறித்தூளை மட்டும் தோலுக்கு மேலே பூசாமல் பட்டரில் குழைத்துத் தோலுக்கு அடியில் தடவுங்கள், கருகிக் கசக்காது. உறைந்த நெஞ்சு பலவற்றில் உப்புநீர் ஏற்கெனவே ஏற்றியிருப்பார்கள். பொதியைப் பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள்.

ஆனால் குறிப்பில் சொன்னதுபோல 2 கிலோ நெஞ்சுக்கு 3 மணி நேரமா? 325 பாகை ஃபாரன்ஹீட் ஓவனில், எலும்போடு என்றாலும் ஒன்றரை மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வெந்துவிடும். நெஞ்சில் கொழுப்புக் குறைவு. காலில் இருப்பதுபோல மெல்ல உருகி இறைச்சியை இளக்கும் சவ்வும் அதில் அதிகம் இல்லை. கால் கூடுதலாக வெந்தால் இன்னும் மிருதுவாகும். நெஞ்சோ வறண்டு தும்பு தும்பாகிவிடும். வான்கோழி சப்பென்று இருக்கும் என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பதெல்லாம் இப்படி வெந்ததைத் தின்றுவிட்டுத்தான்.

தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 74 பாகை செல்சியஸ் காட்டினால் வெளியே எடுத்துவிடலாம். கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா முழு வான்கோழிக்கு 82 என்கிறது, துண்டுகளுக்கு 74. முழுப் பறவைக்கான கணக்கை யாரோ நெஞ்சுக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு கால் மணி நேரம் ஆறவிட்டு, தும்புக்குக் குறுக்கே வெட்ட வேண்டும்.

கழுவுவதைப் பற்றியும் ஒரு சொல். ஊரில் சந்தைக் கோழியை மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவினோம், அதில் இரத்தமும் இறகும் இருந்தன. இங்கே பொதியில் வருவதைக் கழுவினால் கிருமி சிங்க் முழுக்கத் தெறிப்பதுதான் மிச்சம். உறைந்ததை மேசையில் வைத்து இளக்கவும் வேண்டாம். பிரிட்ஜில் வைத்தால் 2 கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது குறிப்பின் கடைசி வரி: ‘மிச்சத்தைக் குழம்பாக்கிச் சட்டியோடு அடுப்பிலேயே விட்டு, மறுநாள் சூடாக்கிச் சாப்பிடலாம்.’ மிஞ்சிய குழம்பை மறுநாள் சுண்டவைக்கும் சுண்டக்கறி எனக்கும் பிடிக்கும். ஆனால் அது புளி விட்ட மீன்குழம்பு. புளிப்பில் கிருமி இலகுவில் பெருகாது. தேங்காய்ப்பால் விட்ட வான்கோழிக் கறி அப்படியல்ல. பெரிய சட்டி ஆற மணிக்கணக்காகும். கொதியில் சாகாத, க்ளொஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துக்கள் அந்த வெதுவெதுப்பில்தான் முளைத்துப் பெருகும். ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற இன்னொரு கிருமி விடும் நஞ்சு மறுநாள் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. வயதானவர்களுக்குச் சமைத்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

சமைத்து 2 மணி நேரத்துக்குள், எலும்பை நீக்கி, தட்டையான டப்பாக்களில் பிரித்து பிரிட்ஜில் வையுங்கள். 3 நாள், மிஞ்சிப்போனால் 4 நாள் இருக்கும். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே, ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து, கொஞ்சம் கிரேவி விட்டு ஃப்ரீசரில் போடலாம். உதிர்த்த நெஞ்சு இறைச்சி கொத்துரொட்டிக்கும் ரோல்ஸுக்கும் கோழியைவிட நன்றாகவே பொருந்தும் என்பது என் கட்சி.

இனி இறைச்சிக் குறிப்பு வெளியிடும்போது எத்தனை பாகை, எத்தனை நாள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இறைச்சி வெப்பமானி 20 டொலருக்குள் கிடைக்கிறது.

ஓய்வுபெற்ற சமையலாளர்,
ஸ்காபரோ